பத்துக்குப் பத்து

பவுனம்மாள் கண்ணை மூடியபடி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, ஓரிடத்திலும் தயங்காமல் எழுத ஆரம்பித்தார். எதிரே இருந்த எஞ்சினியர் சீவரத்தினத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மலேசியாவின் சுங்கை வே தொழிற்சாலையில் இரண்டு வருடமாக அவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. புது டிஜிட்டல் ஹேண்ட்போன் பேச்சைத் துண்டு துண்டாக்கி அனுப்பும். வழியில் சில துண்டுகள் கெட்டுப்போகும். அந்த ஓட்டைகளை அடைத்து, பேசுவதைப் புரிய வைப்பதுதான் அவர் வேலை.

புரிகிறதா என்று சோதிக்க, கேட்டு எழுத ஐந்து பேர் வேண்டும் என்றார். கம்பெனி கொடுத்தது நைட் ஷிப்ட் முடித்து வரும் பவுனம்மாளை மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, ஆறு வாரமாக அதே பத்து வாக்கியங்களை அதே வரிசையில், விதவிதமாகச் சிதைத்துப் போட்டார். முதல் நாள் நான்கு சரியாக வந்தது. போன வாரம் எட்டு.

தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. இன்றைக்குள் ஒன்பது வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு இந்த அறைக்குப் பூட்டு, அவர் பழையபடி ரிப்பேர் மேசைக்கு. போதாக்குறைக்கு, இன்று போட்டதில்தான் சிதைவும் அதிகம்.

தாளை வாங்கித் திருத்தினார். 'ரவாங் ரயில் ஏழு மணிக்குப் புறப்படும்' என்பதிலிருந்து கடைசி வாக்கியம் வரை ஒரு சொல்லும் பிசகவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு முறை பார்த்தார். பத்துக்குப் பத்து.

ஓட்டமாக ஓடித் தலைமை அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். மனைவிக்குப் போன் போட்டு, பிழைத்தோம் என்றார்.

திரும்பி வந்தபோது பவுனம்மாள் நாற்காலியிலேயே தூங்கி வழிந்துகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. மெல்ல எழுப்பினார்.

"உங்க காதுக்குக் கோயில் கட்டணும்க்கா. இருக்கிறதிலேயே மோசமானது இன்னிக்குப் போட்டதுதான். எப்படி ஒண்ணு விடாம எழுதினீங்க?"

"எப்பவும் வர்றதுதானே சார்." பவுனம்மாள் கொட்டாவி விட்டபடி ஹெட்போனை அவர் கையில் கொடுத்தார். "நாளைக்கு வேற ஒண்ணு குடுங்க லா. இன்னிக்கு இதுல சத்தமே வரல."