வாய் இல்லாத படங்கள்

"அதை எங்கேயிருந்துடி எடுத்தே?"

காய்ந்த துணிகளை மடிக்கக் கொண்டுவந்த அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பழுப்பேறிய தாள்கள், எல்லாவற்றிலும் கலர் பென்சில் கிறுக்கல்.

"உன் அலமாரியிலதான். அடித்தட்டுல, பழைய போர்வைக்குக் கீழே. சின்ன வயசுல நான் வரைஞ்சது ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு சத்தியம் பண்ணினியே, பெரிய ஆளும்மா நீ!"

"பழைய குப்பை. எடுத்த இடத்துல வை."

"குப்பையா? எனக்கு சீட்டு கிடைக்கிறதே இதுலதான் இருக்கு."

ஆரம்பப் பள்ளியில் டிராயிங் டீச்சர் அவள். பிள்ளைகள் வாயால் சொல்லாததையெல்லாம் படத்தில் சொல்லிவிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஓவியம் மூலமாகவே மனக்காயத்துக்கு மருந்து போடும் ஆர்ட் தெரபி மேற்படிப்பில் சேர்ந்தே தீருவது என்று கிளம்பியிருந்தாள். விண்ணப்பத்தோடு 'ஏன் இந்தப் படிப்பு?' என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். போன வருஷம், 'இதில் உங்கள் சொந்த அனுபவம் எங்கே?' என்று கேட்டு நிராகரித்துவிட்டார்கள். இந்த முறையும் கோட்டை விட்டால், படிப்புக்கென்று பள்ளியில் சம்மதித்திருக்கும் நீண்ட லீவை அடுத்த வருஷம் தர மாட்டார்கள். கனவை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

அதற்காக அவள் படித்த புத்தகங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதன் பிறகு வீட்டில் யாரும் நிம்மதியாகக் கிறுக்க முடியவில்லை. போன் பேசிக்கொண்டே அப்பா பேப்பர் ஓரத்தில் போட்ட வட்டத்துக்குக்கூட ஒரு காரணம் கண்டுபிடித்து, மனுஷரைப் பேனா தொடவிடாமல் செய்திருந்தாள்.

"இதைப் பாரும்மா. வீடு இருக்கு, கதவே இல்லை. ஜன்னல்ல ஒரு ஆள், வாயே இல்லை. அடுத்ததுலயும் அதே ஆள், அதே மாதிரி தனியா. எல்லாமே கறுப்பு, இல்லேன்னா பழுப்பு."

"நல்ல கலரையெல்லாம் நீதான் தேய்ச்சே தீர்த்துடுவியே. மிச்சம் அதுதான் கிடக்கும்."

"சமாளிக்காதே. சரி, வாய் எங்கே போச்சு?"

"உங்கப்பாவுக்கு அப்போ ராத்திரி வேலை. பகல் பூரா தூங்குவார். சின்னதா ஒரு பாத்திரம் விழுந்தாக்கூட வீடே ரெண்டாயிடும். அப்போ இந்த வீட்டுல யாருக்குடி வாய் இருந்துச்சு?"

பக்கத்து அறையில் ரிட்டயரான அப்பாவின் டிவி தெருவுக்கே செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"ஆமாம்ல! எல்லாமே சைகைதான் நமக்கு. காதைப் பிடிச்சு இழுத்தா, அப்பா புரண்டு படுக்கிறார்னு அர்த்தம். மூக்கைத் தொட்டா பசிக்குதுன்னு அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துட்டா உன் மடியில முகத்தைப் புதைச்சுக்குவேன், ஞாபகமிருக்கா?"

"மறக்குமா?"

"திரையெல்லாம் இழுத்து மூடிட்டு, சமையலறை மேஜையில அந்தப் பென்சில் டப்பாவைக் கவிழ்த்துக்கிட்டு நாம ரெண்டு பேர் மட்டும். அய்யோ, அந்த மாதிரி மத்தியானம் இனிமே வருமா? பள்ளிக்கூடம் விட்டா ஓட்டமா ஓடி வருவேன்மா, அதுக்காகவே."

சொல்லிக்கொண்டே வந்தவளின் முகம் மெல்ல வாடியது. கையிலிருந்த தாளை மறுபடியும் பார்த்தாள்.

"அதுதான்மா எனக்கு இடிக்குது. எனக்கு ஞாபகத்துல இருக்கிறது பூரா சந்தோஷம். ஆனா இதை வரைஞ்ச குழந்தை சந்தோஷமா இல்லை. யாராவது வந்து வெளியே கூட்டிக்கிட்டுப் போக மாட்டாங்களான்னு ஏங்கிக்கிட்டு நிக்குது. பக்கத்துலயே ஆள் இருந்தும் அதை யாரும் கவனிக்கலை. கோச்சுக்காதே, நீகூட."

அம்மா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"இதைத்தான் கட்டுரையில எழுதப் போறேன். 'சந்தோஷமான குழந்தைப் பருவம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன், அது பொய்'னு. இப்படி ஆரம்பிச்சா நிச்சயம் கூப்பிடுவாங்க." அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையைச் சொல்லும்மா. இந்த வீட்டுல எனக்கு என்ன நடந்துச்சு?"

அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் மகளுக்கு சீட்டு. ஆனால் அவள் இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த மத்தியானங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கறுத்துப்போய்விடும். துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒண்ணும் நடக்கலை பாப்பா. நீ நல்லாத்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தே. அப்படியெல்லாம் எழுதாதே."

"அப்போ நான் படிச்ச படிப்பு தப்பா? இந்தப் படத்துக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? கூட இருந்து பார்த்த மாதிரி சொன்னே."

"பின்னே?"

அம்மா அவள் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீ வரைஞ்சதையெல்லாம் மறுநாளே பள்ளிக்கூடத்துல யாருக்காவது கொடுத்துட்டு வந்துடுவே. 'நீயும் வரைம்மா, நீயும் வரைம்மா'ன்னு தினம் ஒரு தாளை என் பக்கம் தள்ளுவியே... இதெல்லாம் நான் வரைஞ்சதுடி."