மொட்டைக் கதவு

தேவானை அக்காவுக்கு அன்றைக்கு நடந்தது பச்சை அநியாயம். மூன்று மாதம் கடை கடையாக அலைந்து அவர் கட்டிக்கொண்டு வந்த குட்டி கூட்ஸ் வேகனை, ஒரே ஒரு கதவுக்காக ஒதுக்கிவிட்டார்கள்.

அடையாறில் ஒரு சமுதாயக் கூடத்தில் குட்டி ரயில் கண்காட்சி. தேர்வாகும் வேகன்களை எல்லாம் ஒரே ரயிலாகக் கோத்து, பன்னிரண்டு மணிக்கு மேஜைத் தண்டவாளத்தில் ஓடவிடுவார்கள். நான் கல்லூரியிலிருந்து உதவிக்குப் போயிருந்தேன். வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது என் வேலை. பேசுவது என் வேலை இல்லை.

அக்கா பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். செருப்பு டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் வேகன். கையெல்லாம் எண்ணெய் தெறித்த மாதிரி பொட்டுப் பொட்டாகத் தழும்பு. சமையல் வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பார்ட்டெல்லாம் எங்கக்கா கிடைச்சுது?"

"அத்த ஏன் கேக்கற பாப்பா! ரிச்சி தெரு, பாண்டி பஜாரு, ஒரு கடை பாக்கி இல்ல. கடைசில திருவல்லிக்கேணில கரீமுல்லா பாய் கடை. ஒடஞ்ச பார்ட்டு போட்டு வெச்சிருந்த டப்பாவுல கெடச்சுது."

உடைந்த பார்ட் டப்பாவிலா! எனக்கு மனசு கேட்கவில்லை.

நடுவர் புகழேந்தி சார் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"சக்கரம் ஓகே. கொக்கி ஓகே. பெயின்ட் பிரமாதம். அட, வேகன் நம்பர்கூட எழுதியிருக்கீங்க!" கண்ணாடி நடுவில் வந்து நின்றது. "இது என்ன?"

"கதவு சார்."

"கதவுன்னு தெரியுதும்மா. மூணு கதவுல ரெண்டுக்குக் குறுக்கால இரும்புப் பட்டி மாதிரி இருக்கு. நடுவுல மட்டும் மொட்டையா இருக்கு. வேற ஏதோ மாடல் கிட்டோட பார்ட் இது. நிஜ வேகனோட அச்சு அசலா இருக்கணும்னு ரூல் போட்டிருக்கோம். ரயில்ல சேர்க்க முடியாது."

"சார், அது இன்னான்னா..."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க இருங்கக்கா, நான் பேசறேன்."

"இல்ல பாப்பா, அந்தக் கதவு..."

"நான் பேசறேன்க்கா!"

பேசினேன். "சார், வசதி இருக்கறவங்க வெளிநாட்டுல ஆர்டர் போட்டு வாங்கலாம். இவங்க எங்க போவாங்க? உடைஞ்ச பார்ட் டப்பாவுல பொறுக்கி, கிடைச்சதை வெச்சு ஒட்டியிருக்காங்க. பாவம், அவங்களால முடிஞ்சது அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே ரூல்னா எல்லாருக்கும் ஒரே கடையும் இருக்கணும்ல?"

"பாவம் பார்த்து ரூலை மாத்தினா ரயில் தடம் புரண்டுடும்மா."

"மொட்டைக் கதவுக்கு எப்படி சார் தடம் புரளும்?"

பக்கத்து மேஜையில் சிரித்துவிட்டார்கள். கல்லூரிப் பட்டிமன்றத்தில்கூட நான் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கடைசியில் சார் இறங்கி வந்தார்.

"சரி, விடு. ஆறுதல் பிரிவுன்னு ஒண்ணு எழுதி, ஓரமா ஒரு மேஜையில வெச்சுக்கட்டும். ஆனா ரயில்ல கிடையாது."

ஜெயித்துவிட்ட மிதப்பில் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்து எதையோ தேடி, சார் முன்னால் வைத்தார்.

"ஆறுதல்லாம் வோணாம் சார். இத்த கொஞ்சம் பாருங்க."

போட்டோவில் நிஜ வேகன் ஒன்று யார்டில் நின்றது. அதே நம்பர். இரண்டு கதவில் பட்டி. நடுக் கதவு மொட்டை. அந்தக் கதவின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டும் மறு கையில் வெல்டிங் ஹோல்டருமாகச் சிரித்தபடி தேவானை அக்கா.

"நான் ரயில்வேல வெல்டரு சார். இந்த வண்டி நடுக் கதவு பிஞ்சி வந்துச்சு. பட்டி போட்ட கதவு அன்னிக்கு ஸ்டாக் இல்ல. பிளேட்டை வெட்டி நானே அடிச்சேன். யாரு தொணையும் இல்லாம நான் வெச்ச மொத கதவு. இன்னிக்கும் லோடு ஏத்திக்கினு ஓடிக்கினு கீது. கிட்டுல மூணு கதவும் பட்டியோட சரியாத்தான் வந்துச்சு. நான்தான் நடுக் கதவைக் கழட்டிட்டேன். இந்த மொட்டைக் கதவைத் தேடித்தான் மூணு மாசம் அலைஞ்சேன்."

அவர் கைத் தழும்புகளை நான் மறுபடி பார்த்தேன். அது எண்ணெய் இல்லை.

சார் போட்டோவையும் வேகனையும் பூதக்கண்ணாடி வழியாக மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேகனை இரண்டு கையாலும் எடுத்துப் போய், இன்ஜினுக்கு அடுத்ததாகக் கோத்துவிட்டு வந்தார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

அக்கா காலி செருப்பு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"எங்க சார் சொல்ல வுட்டீங்க? நீங்க தப்புன்னீங்க. இந்தப் பாப்பா பாவம்னுச்சு. இன்னாத்துக்கு இந்தக் கதவுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"