பதினோராம் நாள் பெஞ்சு

தீவுப் பள்ளி ஹெட்மாஸ்டரின் ஜன்னலுக்கு நேரெதிரே, மகள் கார்த்திகாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் ராஜகுமாரி. இன்றோடு பதினோரு நாள். "ஆட்டிசம் பிள்ளை ஒரு இடத்துல உக்காராது, மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அட்மிஷன் மறுத்தவர் அவர். தகரக் கூரையில் மழை அறைகிறது. முதல் மணியிலிருந்து கார்த்திகா நகரவில்லை. மடியிலுள்ள பரீட்சை அட்டையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குகிறாள். அவர் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறார். ராஜகுமாரிக்கு அந்தச் சத்தம் இனிக்கிறது. பெஞ்சு கிறீச்சிட்டால் மகளுக்கு ஆகாது. மகளை எழுப்பி, பெஞ்சை இழுக்காமல் தூக்கிப் போய் அவர் அறை வாசலிலேயே போடுகிறாள். ஒரு மூடிகூடச் சரியாமல் அட்டையை ஏந்தி வந்து கார்த்திகா மறுபடி உட்காருகிறாள். அவர் கதவைத் திறக்கிறார், முகமெல்லாம் வியர்வை.

"இன்னும் எத்தனை நாளும்மா இப்படி?"

"நீங்க ரிட்டயராகி மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுற வரைக்கும் சார்."