சபதத் தாடி

"கத்தியை எடுப்பா, யோசிக்காதே" என்றார் தாடியண்ணன்.

சலூன்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். வெளியே தாடியண்ணனுடைய பழைய தோழர்கள் "துரோகி ஒழிக!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தனிநாடு கிடைக்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு மேடையில சபதம் போட்டு வளர்த்த தாடிண்ணே இது!"

"அது நேத்து வரைக்கும். இன்னைக்கு நான் நாடு பிரியக் கூடாதுங்கிற கட்சி. சபதம் செல்லாது. சோப்பைத் தடவு."

சலூன்காரர் நுரையைக் குழைத்துத் தடவினார். "ஊரே காறித் துப்புது. அப்படி என்ன பதவி தர்றேன்னாங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"பணமா?"

"சேச்சே!"

"பின்ன எதுக்குண்ணே மாறினீங்க?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. புதுக் கட்சித் தலைவர். சலூன்காரரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தாடியில கையை வச்சுடாதீங்க! அது இல்லேன்னா உங்களை யாருக்குத் தெரியும்? தாடியோடதான் போஸ்டர் அடிச்சிருக்கோம். நாளைக்கு மேடையில புதுச் சபதம் போடறீங்க. தனிநாடுங்கிற பேச்சே ஒழியிற வரைக்கும் தாடியை எடுக்க மாட்டேன்னு!"

போன் கட்டானது. ஷட்டரில் கல் ஒன்று வந்து விழுந்தது. கழுத்தை இறுக்கிய துணிக்குள் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு நுரையைத் துடைத்தார். "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளிண்ணே நல்ல கொள்ளி? ஆமா, எதுக்கு மாறினீங்கன்னு சொல்லவே இல்லையே?"

கண்ணாடியைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"இந்தத் தாடியைப் பார்த்துப் பயந்து பேத்தி கிட்டயே வர மாட்டேங்குதுப்பா. இதை எடுக்கலாம்னுதான் மாறினேன்."