லாரிக்காரனின் கார்

"மாசத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போற மனுஷனுக்கு எதுக்கு சொந்தக் கார்? வித்துத் தொலையேன்!"

போனில் கத்தினாள் வியோரிகா. மறுமுனையில் அவள் கணவன் நெகுலாய். பிரான்ஸில் எங்கோ சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

"அது பாட்டுக்குக் கம்பெனி ஷெட்டுல நிக்குது. உன்னை என்ன பண்ணுது?"

"ஊருக்கு வந்தாலும் ஷெட்டுலேர்ந்து பஸ் பிடிச்சுத்தான் வீட்டுக்கு வர்றே. அப்புறம் அந்தக் கார் யாருக்கு?"

"அது வந்து... லோடு இறக்கக் கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்."

பக்கத்து வீட்டு அக்லாயா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே துணியை மூன்று முறை உதறிவிட்டாள்.

"லாரிக்காரன் தான் ஓட்டாத காரை விக்காம வெச்சிருக்கான்னா, அதை ஓட்ட வேற ஆள் இருக்குன்னு அர்த்தம்டி."

"சும்மா இருங்கக்கா. நெகுலாய்க்குப் பொய் சொல்லக்கூட வராது."

"பொய் வராதவன்தான் பேச்சை மாத்துவான்."

அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை, கோஸ் இலையில் கறி பொதிந்து வேகவைக்கும் சர்மாலே செய்ய முட்டைக்கோஸ் வாங்க பகாவு நகரச் சந்தைக்குப் போனாள் வியோரிகா. சந்தை வாசலில் நின்றிருந்தது நெகுலாயின் நீல நிற டாசியா கார். முன்கதவில் அதே நசுங்கல். நம்பரும் அதேதான்.

சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண், சொந்த வண்டி மாதிரி பின்கதவைத் திறந்து காய்கறிப் பையை வைத்தாள். ஸ்டார்ட் செய்தாள். போயே போய்விட்டாள்.

வியோரிகா அங்கேயே நின்று நெகுலாய்க்குப் போன் போட்டாள்.

"நெகு, கார் எங்கே இருக்கு?"

"ஷெட்டுலதான்."

"நிச்சயமா?"

"அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு, நடந்து போக?" சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று சரியில்லை.

நேரே ஷெட்டுக்குப் போனாள்.

"நெகுலாய் காரா? அதை சவேதாம்மால்ல எடுத்துட்டுப் போவாங்க" என்ற வாட்ச்மேன், "ஆமா, நீங்க யாரு?" என்றார்.

"அவர் பெண்டாட்டி."

வாட்ச்மேனின் முகம் மாறியது. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"அவ வீடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

"சர்ச்சுக்குப் பின்னால. பச்சை கேட்டு. சண்டை போடறதுன்னா என் பேரை இழுக்காதீங்க தாயி."

முடியைப் பிடித்து இழுப்பதா, கார்க் கண்ணாடியை உடைப்பதா என்று யோசித்தபடியே நடந்தாள். பச்சை கேட்டுக்குள் நீல டாசியா கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

சிவப்பு ஸ்கார்ஃப் எட்டிப் பார்த்தது.

"நான் நெகுலாயோட பெண்டாட்டி!"

சவேதா முகம் வெளுத்துப்போகும் என்று எதிர்பார்த்தாள். அவளோ கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அப்பாடா, நீங்களாவது வந்தீங்களே! உங்க வீட்டுக்காரர் தொல்லை தாங்கலம்மா!"

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ஆள் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வியோரிகாவைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

சாண்டு! நெகுலாயோடு ஒரே லாரியை வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி ஓட்டியவர். பக்கவாதம் என்று நெகுலாய் சொல்லியிருந்தான். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவள், மறந்தே போயிருந்தாள்.

"இவர் விழுந்தப்போ ஆளாளுக்குப் பை பையாத் தூக்கிட்டு வந்தாங்க" என்றாள் சவேதா. "ஒண்ணு விடாம திருப்பி அனுப்பிட்டேன். யார்கிட்டயும் சும்மா வாங்கிப் பழக்கமில்ல எங்களுக்கு. உங்க வீட்டுக்காரரும் வந்தார். காரை நீங்களே வெச்சுக்கங்கன்னார். எனக்கு வந்ததே கோபம்! வாசலோட அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்த தடவை வந்தவர் அழாத குறையாக் கெஞ்சறார். 'ஓடாம நின்னா எஞ்சின் பாழாயிடும், நம்பிக் கொடுக்க ஆளில்ல, அடிக்கடி எடுத்து ஓட்டி உதவி பண்ணுங்க'ன்னு. உதவின்னு ஒருத்தர் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஓட்டறதுதான் ஓட்டறோம்னு இவரையும் கைகால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன். இப்பத்தான் விரலை மடக்க ஆரம்பிச்சிருக்கார். காட்டுங்க!"

சாண்டு மெல்ல, மிக மெல்ல, விரல்களை மடக்கிக் காட்டினார்.

பொய் சொல்லவே வராத மனுஷன், எப்பேர்ப்பட்ட பொய்யைச் சொல்லியிருக்கிறான்!

"அதுக்காக அடுத்தவங்க வண்டியைக் காலம் பூரா நானே கட்டிக் காக்க முடியுமா? வீட்டுக்காரம்மா நீங்களே வந்துட்டீங்க. இந்தாங்க, உங்க காரை நீங்களே ஓட்டிட்டுப் போயிடுங்க."

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள் சவேதா.

வியோரிகா சாவியைப் பார்த்தாள். சாண்டுவின் மடங்கியிருந்த விரல்களைப் பார்த்தாள். சட்டென்று சாவியைச் சவேதா கையிலேயே திணித்தாள்.

"ஐயையோ, நானா? கிளட்ச் எது, பிரேக் எதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க! நீங்களும் கைவிட்டுட்டா நாங்க யார்கிட்ட போய் நிக்கறது?" என்றாள், பத்து வருஷமாக வெளியூர் பஸ் ஓட்டும் வியோரிகா.