ரத்தம் கொடுக்காத தம்பி

“என்னால ரத்தம் குடுக்க முடியாது பாவா.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்த துளசிங்கம் நிமிர்ந்து மைத்துனனைப் பார்த்தான்.

“இன்னொரு தபா சொல்லு.”

“முடியாது பாவா.” உதயா தலையில் இருந்த தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

துளசிங்கத்தின் மனைவி அனிதா, உதயாவின் அக்கா. ஆறு மாதக் கர்ப்பிணி. காலையில் தறிப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தவளைப் பொதட்டூர்பேட்டையில் இருந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லி, இருப்பில் இருந்ததை எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு வீட்டு ஆண்கள் இரண்டு பேர் கொடுத்தால் நல்லது என்று நர்ஸ் கேட்டிருந்தார்.

“ஊசின்னா பயமா?”

“இல்ல.”

“சீக்கு ஏதாச்சும்?”

“அதெல்லாம் இல்ல பாவா.”

“பாத்தீங்களா அத்தே?” துளசிங்கம் மாமியார் பக்கம் திரும்பினான். “போன ஆடிக் கிருத்திகைக்கு எல்லாரும் மொட்டை போட்டோம். இவன் மாட்டேன்னான். ஆபீஸ் போறவன்னு உட்டுட்டோம். இப்ப சாமிக்கு முடியும் கிடையாது, அக்காவுக்கு ரத்தமும் கிடையாது. நம்ம வூட்டு முதல் டிகிரி.”

கன்னியம்மாள் மகனிடம் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“ராத்திரியும் பகலுமா தறி ஓட்டி உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது யாருடா? உங்க அக்காதானே?”



“இந்த மாதிரி ஆளுக்குப் போய் என் தங்கச்சியக் குடுக்கலாம்னு பேசிகினு இருக்கோம்” என்றான் துளசிங்கம்.

அந்தத் தங்கை மோகனப்ரியா, கையில் பிளாஸ்க்கோடு பக்கத்தில்தான் நின்றாள். உதயாவை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குமேல் உதயாவால் அங்கே நிற்க முடியவில்லை. “சரி, வரேன்” என்று பாவாவின் பின்னால் ரத்தம் எடுக்கும் அறைக்குள் போனான்.

அடுத்தடுத்து இரண்டு கட்டில்கள். துளசிங்கம் ஒன்றில் ஏறிப் படுத்தான். உதயா மற்றதில் உட்கார்ந்தான். நர்ஸ் கேட்டார்.

“மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?”

“எனக்கு எதுக்கு மாத்திரை? கல்லு மாதிரி இருக்கேன்.”

நர்ஸ் உதயாவிடம் வந்தார். “நீங்க?”

வாசலில் அம்மாவும் மோகனப்ரியாவும் நின்றிருந்தார்கள். ஒரு ‘இல்ல’ போதும். மானம் போகாது.

“சிஸ்டர், இந்த ரத்தம் யாருக்குப் போகும்?”

“இங்க முக்கால்வாசி பிரசவ வார்டுக்குத்தான். ஏன்?”

உதயா கட்டிலில் இருந்து இறங்கினான். தொப்பியைக் கழற்றினான்.

முன்பக்கம் நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது. நடுமண்டையில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது.

“முடி கொட்டறதுக்கு மாத்திரை போடறேன் சிஸ்டர்” என்றான் தரையைப் பார்த்தபடி. “முடி நடலாம்னு மெட்ராஸ்ல மூணு டாக்டரப் பாத்தேன். ரெண்டு பேரு அடுத்த வாரமே வா, நட்டுடலாம்னாங்க. ஒருத்தர் மட்டும், உனக்குச் சின்ன வயசு, இன்னும் கொட்டும், இப்ப நட்டா நட்டது மட்டும் தீவு மாதிரி தனியா நிக்கும், மொதல்ல மாத்திரை போட்டுக் கொட்டறத நிறுத்துன்னாரு. அவசரப்படாதவரா இருக்காரேன்னு அவர்கிட்டயே போறேன். அவர்தான் சொன்னாரு, இத சாப்பிடற வரைக்கும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் யாருக்கும் ரத்தம் குடுக்காதேன்னு. கர்ப்பமா இருக்கறவங்களுக்குப் போய்ச் சேந்தா, வயித்துல ஆம்பளப் புள்ளையா இருந்தா அதுக்கு ஆபத்தாம்.”

கன்னியம்மாள் மகனின் தலையையே பார்த்தாள்.

“இதுக்குத்தான் மொட்டை வேணாம்னியா?”

“மொட்டை போட்டா எல்லாருக்கும் திரும்ப மொளைக்கும்மா. எனக்கு எங்கெங்க மொளைக்கலன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.”

துளசிங்கம் படுத்தபடியே சிரித்தான். கட்டில் ஆடியது.

“ஊரே இந்த மலைக்கு வந்து முடிய எறக்கி வெச்சிட்டு சிரிச்சிகினு போவுது. இந்த மலைக்குப் பக்கத்துல பொறந்துட்டு முடிக்காடா மாத்திரை முழுங்கறே? ஏய் பிரியா, பாத்துக்கோ உன் மாப்பிள்ளைய.”

மோகனப்ரியா சிரிக்கவில்லை. உதயா தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“சிரிக்காதீங்க சார்” என்றார் நர்ஸ். “அவர் சொல்றது நிஜம். சொல்லாம குடுத்திருந்தா எங்களுக்கும் தெரியாது. நீங்க போங்க தம்பி, உங்க ரத்தம் வேணாம்.”

உதயா வெளியே வந்தான். பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தான். மோகனப்ரியா பிளாஸ்க்கில் இருந்து டீயை ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

உள்ளே நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டு துளசிங்கத்திடம் வந்தார்.

“கையை நீட்டுங்க சார்.”

துளசிங்கம் கையை நீட்டவில்லை. அந்தக் கை, அலை அலையாக வாரிவிட்ட அவனுடைய முடிமேல் இருந்தது. வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்தான்.

“அத்தே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

அவள் போகும்வரை காத்திருந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“சிஸ்டர்... அந்த மாத்திரைய டாக்டரப் பாக்காம, மெடிக்கல் ஷாப்ல சும்மா கேட்டு வாங்கிப் போட்டுகினு இருந்தாலும் ரத்தம் குடுக்கக் கூடாதா?”