வளைவில் ஆடும் நீலக் கார்

டூரின் நகரின் பழைய கார் கிளப்பில் அன்று பதிவு நாள். அப்பா எழுதிவைத்துப் போன இரண்டு கார்களும் ஒரே வருடம், ஒரே மாடல். சிவப்பு அண்ணன் ஒத்தாவியோவுக்கு, நீலம் தம்பி சில்வானோவுக்கு.

"யாருக்கு எதைக் குடுக்கணும்னு அப்பாவுக்குத் தெரியும்டா. வளைவுல என்னுது அலுங்காமப் போகும், உன்னுது மாடு மாதிரி ஆடும்," என்றார் ஒத்தாவியோ. இருபது வருடமாக இதே பேச்சு. சில்வானோ வழக்கம்போல் சிரித்துவைத்தார்.

காரில் பொறித்த எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்ட கிளப் அதிகாரி நிமிர்ந்தார்.

"சார், சிவப்பு வண்டி நம்பர் உங்க தம்பி பத்திரத்துல இருக்கு. உங்களோடது நீலம்."

இருபது வருடம் முன்பு இரண்டையும் சேர்த்து பெயின்ட் அடிக்க அனுப்பியது ஒத்தாவியோதான். பழைய பெயின்ட்டைச் சுரண்டியதும் எது யாருடையது என்று தெரியாமல் பட்டறைக்காரர் நிறத்தை மாற்றி அடித்துவிட்டிருக்கிறார்.

சில்வானோ கையை நீட்டினார்.

"சாவியைக் குடுண்ணா. உன் மாடு அங்க நிக்குது, ஓட்டிட்டுப் போ."